வியாழக்கிழமைக் கேள்வி

மாணவன் வேலையில் சம்பளமும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. ஆனாலும் சேரும் நாளில் வேலைக்குச் சேர்வதைவிடப் பயமாக இருக்கிறது. ஐம்பதைத் தாண்டி மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களும் பரீட்சைக் கனவு கண்டு வியர்த்து எழுந்தவர்கள்தானே, நம் ஆட்கள்தான்.

நேர்காணல்

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதித்து, தேறும், தேறாது என்று முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பூந்தமல்லிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு ஹானர்ஸுக்கு விண்ணப்பித்தேன். படிக்க ஆசை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் சும்மா உட்காரப் பயந்தேனோ என்னவோ, இன்றும் தெரியவில்லை.

என்னைவிட இளையவரான பேராசிரியர் வசந்தி அங்கே உள்ள வழக்கத்தைச் சொன்னார். வியாழக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் வகுப்புக்கு ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும். கேட்பவருக்கே பதில் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். முதல் பருவம் முடிவதற்குள் அப்படி ஒன்றாவது தேறாவிட்டால் சாதாரண பி.ஏ. வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். “நான் ஏற்கெனவே நிறையப் படித்துத் தெரிந்துவைத்திருக்கிறேன், மேடம்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அதுதான் சார் எனக்குக் கவலையா இருக்கு” என்றார்.

கடைசி பெஞ்ச்

முதல் நாள், ஓய்வுக்குப் பிறகு குடியிருக்கும் காட்டுப்பாக்கத்திலிருந்து சீக்கிரமே பஸ் பிடித்துப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். யாரும் செல்போனைத் தொடவில்லை. பாடம் நடத்தவும் யாரும் வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஒழுக்கமா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

பொறுத்துப் பார்த்த ஒரு பையன் எழுந்து வந்து, “சார், இன்ஸ்பெக்‌ஷனா?” என்று கேட்டான். பல்கலைக்கழகத்தைப் பார்வையிட வந்த குழுவில் ஒருவர் என்று நினைத்திருக்கிறார்கள். சட்டைப்பையிலிருந்து மாணவர் அட்டையை எடுத்துக் காட்டினேன். தினேஷ் என்கிற அந்தப் பையன் அட்டையையும் என் தலைமுடியையும் மாறிமாறிப் பார்த்தான்.

“அடப் போ நைனா, உன்னால போனைக்கூட எடுக்காம கம்முனு குந்திகினு இருந்தோமே!”

முத்திரை

என் முதல் கேள்வி: “ஏரிகள் சுருங்கியதற்கு மனிதர்களின் பேராசைதானே காரணம்?” வசந்தி மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் இன்னும் நீளமாக எழுதிக்கொண்டு போனேன். அதற்குள்ளேயே பதிலும் இருந்தது, பதிலுக்கு ஆதாரமும் இருந்தது. அதுவும் திரும்பி வந்தது. வாரங்கள் இப்படியே போயின. சுற்றிலும் பிள்ளைகளின் கேள்விகள் ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டிருந்தன.

நாளெல்லாம் என்னையே குடைந்து குடைந்து கேட்டுக்கொள்கிறவன் நான். நாலு பேர் முன்னால் மட்டும் ஏன் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை? பக்கத்தில் உட்காரும் ரிஸ்வானா, பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருப்பவர் மகள், என் தாளை வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“அங்கிள், நீங்க கேள்வி கேக்கல, உங்க பதிலுக்கு எங்ககிட்ட கையெழுத்து கேக்குறீங்க.”

ஸ்பீக்கரில் மகள்

பருவத்தின் கடைசி வியாழக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, சாதாரண பி.ஏ.வுக்கே மாறிவிடலாம் என்று முடிவுசெய்து, காபி குடித்தபடி என் மனைவி மல்லிகாவிடம் சொன்னேன். அவள் பதில் சொல்வதற்குள் பெங்களூரில் வேலை பார்க்கும் மகளின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். “இன்னாப்பா, காலேஜ்லாம் எப்டி கீது?”

மல்லிகா கோயம்புத்தூர்க்காரி, நான் திருநெல்வேலிக்காரன். மகள் பிறந்து வளர்ந்தது ஆவடிக் குவார்ட்டர்ஸில். பக்கத்து வீடு மதுரை, எதிர்வீடு தஞ்சாவூர். போனை வைத்ததும் மல்லிகா சிரித்தாள்.

“ஏனுங்க, நம்ம ரெண்டு பேரும் இப்படிப் பேசறதில்லீங்க, அக்கம்பக்கத்துலயும் பேசல, இவ எங்கிருந்துங்க புடிச்சா?”

தேறியது

வியாழக்கிழமை அதையே கேட்டேன். எல்லா ஜில்லாக்காரர்களும் கலந்திருந்த குவார்ட்டர்ஸில், எந்த வீட்டிலும் பேசாத மெட்ராஸ் தமிழ் பிள்ளைகள் வாய்க்கு எப்போது, எப்படி வந்தது? “எனக்குத் தெரியாது” என்று சேர்த்துக்கொண்டேன்.

“எல்லாம் சினிமாதான், மாமே!” என்றான் தினேஷ். “எங்க வாப்பா படமே பாக்க மாட்டாரு, கடையில அப்படித்தான் பேசுவாரு” என்றாள் ரிஸ்வானா. ஸ்கூல் வேன் என்றது ஒரு குரல், கிரிக்கெட் மைதானம் என்றது இன்னொன்று. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வசந்தி மேடம் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டார்.

“எனக்கும் தெரியாது சார், அதனால நீங்க இங்கேயே இருங்க.”

கேள்வி மல்லிகாவுடையது, ஹானர்ஸ் சீட் என்னுடையது என்பதால், இப்போதெல்லாம் காலேஜிலிருந்து வந்ததும் என் சாப்பாட்டு டப்பாவை நானே கழுவி வைத்துவிடுகிறேன்.