மூன்று நாள் பட்டினியும் மூன்று மாத எண்ணும்

புக்கிட் பெலண்டோக் பக்கத் தோட்டத்தில் வீரமுத்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டத் தொடங்கி இருபத்தாறு வருடம். மழையில் குழம்பாகிக் கிடக்கும் பாதையிலும் அவர் லாரி ஒருமுறைகூடப் புதைந்ததில்லை. இப்போது அந்த லாரியே கைவிட்டுப் போகப் பார்த்தது. இனிப்புநீர் எனும் சர்க்கரை நோய் கட்டுக்குள் வராவிட்டால், லாரி உரிமத்தைப் புதுப்பிக்கும் மருத்துவப் பாரத்தில், அந்தப் படிவத்தில், கையெழுத்து இல்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

தோட்டத்தில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின மூன்று நாளும் சோற்றைத் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முடிவு கேட்கப் போனார்.

டாக்டர் விஜிதா கணினியைப் பார்த்துச் சிரித்தார். "அங்கிள், வெறும் வயித்துச் சக்கரை ஆறு. அழகுதான். ஆனா ரத்தத்துல மூனு மாசச் சராசரியும் தெரியும் லா. அது பத்து புள்ளி ரெண்டு. எத்தன நாள் பட்டினி?"

"மூனு."

"மாத்திரை போட்டுக்கிட்டு பட்டினி கெடந்தா லாரியிலயே மயங்கிடுவீங்க. பட்டினி வேணாம், சாப்பாட்ட மாத்துங்க. மூனு மாசம் டைம், சராசரி ஏழுக்குக் கீழ வந்தா கையெழுத்து."

வீட்டில் மனைவி ரோகினி தட்டைப் பங்கு பிரித்தாள். பாதித் தட்டுக்குக் கங்குங் கீரையோ பீர்க்கங்காயோ. கால் தட்டுக்குக் கெம்போங் மீன், தேங்காய்ப்பால் இல்லாத குழம்பில். சோறு ஒரு கைப்பிடி. முதல் வாரம் வீரமுத்து அந்தக் கைப்பிடியையே வெறித்துப் பார்த்தார்.

காலையில் திருநாவுக்கரசு கடையில் இரண்டு ரொட்டி சானாயும் தித்திக்கும் பால் தேநீரான தே தாரேக்கும் என்பது போய், ஒரு தோசை, சீனியும் பாலும் இல்லாத 'கோசோங்' தேநீர் என்றானது.

"என்னண்ணே, கோசோங்கா? லாரிக்கும் பச்சத்தண்ணி ஊத்திர வேண்டியதுதானே!" என்றான் திருநாவுக்கரசு.

"லாரிக்கு என்ன ஊத்தணும்னு எனக்கு அப்பவே தெரியும்டா. எனக்கு என்ன ஊத்தணும்னு இப்பத்தான் தெரிஞ்சிச்சு."

கோயில் திருவிழாவில்தான் உண்மையான சோதனை. சர்க்கரைப் பொங்கல் பரிமாறுவது வருடா வருடம் அவர் பொறுப்பு. முதல் கரண்டியும் அவருக்கே. இந்த முறை ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டு, கரண்டியை அடுத்த இலைக்குத் திருப்பினார்.

"சாமி கோவிச்சுக்கப் போவுது" என்றார் பூசாரி அமிர்தலிங்கம்.

"கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

மூன்றாவது மாதம் முடிந்து மீண்டும் ரத்தம் கொடுத்தார். ஆறு புள்ளி ஒன்பது. டாக்டர் வாய்விட்டு எண்ணைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

கிளினிக் நடைபாதைக்கு வந்ததும் வீரமுத்து ரோகினிக்குப் போன் அடித்தார். "ஆறு புள்ளி ஒம்பது!"

"காது போவுது, மெல்லப் பேசுங்க" என்றாள் ரோகினி. "கையெழுத்து?"

"போட்டாச்சு!"

பக்கத்துப் பெஞ்சில் முன்பின் தெரியாத சீனப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்காமலேயே வீரமுத்து பாரத்தை நீட்டினார். "தவ்கே, தெங்கோக் லா, பாருங்க!"

பெரியவருக்கு என்ன புரிந்ததோ, எழுந்து நின்று கை குலுக்கினார்.