ஏரிக்கு வந்த காளியாயி

ஏற்காட்டு ஏரியில் படகுக்கு டிக்கெட் கொடுப்பவன் நான். சுற்றுலா வருபவர்கள் கேட்கிற கேள்வியில் பொறுமை எப்போதோ கழன்றுபோன ஆள். ஆனாலும் தலைச்சோலை ஊர்க் காளியாயி வந்தால் கூண்டை விட்டு எழுந்து நிற்பேன். கருங்கடல் ஓரத்து ஊர் ஒன்றை எனக்குக் காட்டியவர் அவர். அவரும் அங்கே போனதில்லை.

காளியாயிக்கு மலைச்சரிவில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. மழை பெய்தால் மண் கீழே ஓடும். அதைப் பிடிக்கச் செடிகளுக்கு நடுவே குழி வெட்டி வைத்து, மழை விட்டதும் குழிமண்ணைக் கூடையில் சுமந்துபோய் மேலே வேரில் கொட்டுவார். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இதே சுமைதான்.

"மண்ணு கீழ போவுது, நாம மேல கொண்டாரோம். அதுக்கும் சலிக்கல, நமக்கும் சலிக்கலீங்க" என்பார்.

மகள் பூவிழி உக்ரைனில், ஒடெசா நகரத்தில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 2022இல் அங்கே போர் வந்தது. ஒடெசாவை விட்டுக் கிளம்புகிறேன் என்று சொன்னவளிடமிருந்து அப்புறம் பேச்சே இல்லை. காளியாயிக்குச் சோறு இறங்கவில்லை. மார்ச் மாதம் ஒரு மத்தியானம் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவே மகள் குரல்.

"அம்மா, யெரிக்... போட்ல..."

அதோடு அறுந்துபோயிற்று.

ஏரிக்கு, போட்டில். ஏற்காட்டுக்காரிக்கு இதில் சந்தேகம் வருமா? பெண் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டாள் என்று மிளகைப் போட்டது போட்டபடி விட்டு பஸ் ஏறிவிட்டார்.

"ஏனுங்க, எம்புள்ள போட்ல இருக்கறாளாமுங்க. எந்த போட்டுங்க?"

"எங்கிருந்து வருதுங்க பொண்ணு?"

"உக்ரைன்லருந்துங்க."

எரிந்துவிழ வாயெடுத்தவன்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து படகுத்துறையைக் காட்டினேன். படகிலிருந்து இறங்கியவர்களை ஒருவர் விடாமல் பார்த்தபடி நின்றார். பொழுது சாய்ந்து படகுகளைக் கட்டிய பிறகும் நின்றார். அப்போதுதான் மறுபடி போன் வந்தது, இந்த முறை வீடியோவில்.

பூவிழி ருமேனியாவில் இருந்தாள். அதுவரை கூடப் படிக்கும் தாஷாவின் சொந்த ஊரில் தங்கியிருந்தாளாம். டான்யூப் ஆறு கடலில் கலக்கிற இடத்தில், உக்ரைன் பக்கம் இருக்கும் வில்கோவே என்ற சின்ன ஊர். காலையில் தாஷாவின் அப்பா படகில் கொண்டுவந்து ரோட்டில் விட, அங்கிருந்து போய் ஆறு தாண்டி ருமேனியாவுக்குள் வந்திருக்கிறாள். யெரிக் என்பது அந்த ஊர்க் கால்வாய். அங்கே பல இடங்களில் தெருவே கால்வாய்தான்.

"ஏரின்னுதான சாமி காதுல உழுந்துச்சு. ஏரிக்கு வந்து நிக்கறேன்."

பெண் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் போட்டோக்களைக் காட்டினாள். வாசலுக்கு வாசல் படகு கட்டியிருந்தது. இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், சாமி கும்பிடும் முறையை மாற்றமாட்டோம் என்று ஊரைவிட்டு ஓடிய சனங்கள் அந்த நாணல்காட்டில் ஒதுங்கினார்களாம். நிற்க மண் கிடையாது. கால்வாய் வெட்டி, அள்ளிய சேற்றைக் குவித்து, அதன்மேல் நாணலும் களிமண்ணுமாக வீடு கட்டினார்கள். ஆறு அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். அவர்களும் வருஷாவருஷம் சேற்றை அள்ளி மேலே போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சேற்றில்தான் திராட்சை, ஸ்ட்ராபெர்ரி எல்லாம்.

காளியாயி வாயில் கையை வைத்துக்கொண்டார். "நிக்கிற எடத்தையே கையால செஞ்சாங்களா? நொம்பப் பெரிய சனங்க, கண்ணு."

"தாஷாவோட அம்மா மார்ஃபா மட்டும் ஊட்ட உட்டு வரமாட்டேங்கறாங்கம்மா. அங்கயும் குண்டு உழும்னு கெஞ்சிப் பாத்துட்டோம். நீயும் ஒரு தாய்தான, நீ சொன்னா கேப்பாங்க. அவங்களையும் போன்ல சேக்கறேன், பேசு, நான் அவங்க பாஷையில மாத்திச் சொல்றேன்."

காளியாயி போனை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"இந்த வருசத்துச் சேறு அள்ளியாச்சான்னு கேளு, சாமி."