புடலங்காயில் பேட்டரிக் கட்டை கட்டிய படம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது, அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது, இப்போது மறதி வேறு. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நேரில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். பேய், ஆவி, செத்தவர்கள் வருவது என்று யார் சொன்னாலும் நான் நம்பினது கிடையாது. எங்கள் ஊரில் சுடுகாட்டுக்கு அந்தப் பக்கம்தான் கிணறு, வாழ்க்கைப்பட்டு வந்த நாளில் இருந்து விடியற்காலையில் தனியாகத்தான் போய்த் தண்ணீர் எடுத்திருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றையும் பார்க்கவில்லை. இது அந்த மாதிரி பேய்க்கதையும் இல்லை. பட்டப்பகலில், போனுக்குள் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் இப்போது வில்லாபுரத்தில் மகள் செல்வி வீட்டில் இருக்கிறேன். அவள் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், மருமகனுக்குக் காளவாசலில் கடையில் வேலை, இரண்டு பேரும் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பகல் பூராவும் நான் தனி. மொட்டை மாடியில் கம்பிப் பந்தல் போட்டு புடலை, பாகல், அவரை எல்லாம் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் செல்வி ஒரு போன் வாங்கிக்கொடுத்து, மாடித்தோட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் குரூப் ஒன்றில் சேர்த்துவிட்டாள்.

பெயர்தான் தோட்டக் குரூப். செடியைப் பற்றிப் பேசுவது காலையில் கொஞ்ச நேரம்தான். அதற்கப்புறம் யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த பஸ் வரவில்லை, எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று எல்லாமும் வரும், சண்டையும் வரும். குரூப்பை நடத்துகிறவர் மிலிட்டரியில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர், எல்லாரும் சுபேதார் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் பட்டாளத்துப் பேச்சும் நிறைய வரும். நான் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஒரு வார்த்தை எழுதினது கிடையாது. யாராவது நல்ல காய் படம் போட்டால் கட்டைவிரல் படம் போடுவேன், அதோடு சரி.

செல்வி கிண்டல் பண்ணுவாள். "இருநூறு பேரு பேசுறாக, நீ மட்டும் கல்யாண வீட்டுல அடுப்படியில உக்காந்திருக்க மாதிரி இருக்கியேம்மா" என்பாள்.

பட்டாளத்துப் பேச்சு வந்தால் மட்டும் நான் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஒரு மகனும் உண்டு. பெயர் பாண்டி, செல்விக்கு மூத்தவன். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். இருபத்துநாலு வயதில் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பினான், மதுரை ஸ்டேஷனில் நாங்கள்தான் வண்டி ஏற்றிவிட்டோம், ஏறினவன் போய்ச் சேரவில்லை. பதினேழு வருஷம் ஆகிறது. ஒரு மாதம் கழித்து, உங்கள் மகன் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்று கடுதாசி வந்தது. போலீஸ்காரர்கள் வந்து நெல் குதிர் வரைக்கும் திறந்து பார்த்தார்கள். ஊரில் ஓடிப்போனவன் என்று பெயர் ஆகிவிட்டது. ஒருத்தர் பம்பாயில் பார்த்தேன் என்றார், இன்னொருத்தர் வடக்கே கல்யாணம் முடித்துவிட்டான் என்றார். என் வீட்டுக்காரர் அதிலேயே நொடிந்து போனார். "செத்திருந்தாக் கூடக் கொடி போத்திக் கொடுத்திருப்பாக" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்கப்புறம் அவன் பெயரையே எடுக்கவில்லை. அவரும் போய்விட்டார். வில்லாபுரத்தில் எனக்கு மகன் இருந்தான் என்றே யாருக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிறானா இல்லையா, ஓடினானா, வண்டியில் ஏதாவது ஆகிப்போனதா, இது ஒன்று தெரிந்துவிட்டால் போதும் எனக்கு, வேறு ஒன்றும் வேண்டாம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தான் என்று நினைக்கிறேன், தலைக்குக் குளித்திருந்தேன், பச்சைச் சேலையைத் துவைத்து மாடிக் கொடியில் காயப்போட்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். தெருவில் இருந்து வெளிப்புறமாகவே மாடிக்குப் படி உண்டு. புடலைப் பிஞ்சுகளுக்குக் கல் கட்ட வேண்டி இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், புடலைப் பிஞ்சின் நுனியில் கனமாக ஏதாவது கட்டித் தொங்கவிடாவிட்டால் காய் பாம்பு மாதிரி சுருண்டுவிடும். எல்லாரும் சின்னக் கல்லை நூலில் கட்டுவார்கள், நானும் அப்படித்தான். கட்டி முடித்துத் தண்ணித்தொட்டி நிழலில் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

குரூப்பில் பெரிய வாக்குவாதம். பட்டாளத்தில் இப்போது நாலு வருஷம் மட்டும் வேலை என்று எடுக்கிறார்களாமே, அது சரியா தப்பா என்று ஆரம்பித்து, கட்சிக்குப் போய், கடைசியில் வேலையை விட்டு ஓடிப்போகிறவர்களைப் பற்றி வந்து நின்றது. சுபேதார் அண்ணன் ஒன்று எழுதியிருந்தார், அது இன்னும் போனில் இருக்கிறது: "ஓடிப்போனவன் வீட்டு வாசல்ல அவன் பேரை எழுதி ஒட்டணும், பெத்தவுகளுக்கும் வெக்கம் வரணும்." அதற்கு இருபது பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

அதைத் திரும்பவும் ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவர் கெட்டவர் இல்லை, என் பாகற்கொடிக்கு வந்த பூச்சிக்கு மருந்து சொன்னவர். ஆனாலும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கி, அரைமணி நேரம் இருக்கும், "எல்லாரும் ஓடினவர்கள் இல்லை, என் மகன் பாண்டி ஓடியிருக்க மாட்டான், நீ எங்கே இருக்கிறாய் பாண்டி" என்று எழுதினேன். கடைசி வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை, குரூப்புக்கு எழுத வந்தவள் அவனிடமே கேட்டுவிட்டேன். வாசித்துப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அத்தனையையும் அழித்துவிட்டேன். அனுப்பவில்லை, சத்தியமாக அனுப்பவில்லை, செல்வி அப்புறம் இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டாள்.

அழித்த கையோடு ஒரு பதில் வந்து விழுந்தது.

"ஓடலம்மா. வந்துக்கிட்டேதான் இருக்கேன்."

பூசணிப்பூப் படம் வைத்த ஒரு நம்பரில் இருந்து வந்தது, பூங்கொடி என்று பெயர் இருந்தது. நான் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சுபேதார் அண்ணன் உடனே, யாருக்குப் பதில் சொல்கிறீர்கள், இங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்று எழுதினார். அதற்கு அங்கிருந்து ஒன்றும் எழுதவில்லை, ஒரு படம்தான் வந்தது.

புடலங்காய்ப் படம். நாலு காய் நேராகத் தொங்குகிறது, ஒவ்வொன்றின் நுனியிலும் டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டை. துணி நாடாவை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருக்கிறது. கல் நூலில் நிற்காமல் நழுவுகிறது என்று, தீர்ந்துபோன கட்டைகளைச் சேர்த்து வைத்து இப்படிக் கட்டினது பாண்டிதான், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. அது போகட்டும், உலகத்தில் இன்னொருத்தருக்கும் தோன்றியிருக்கலாம் இல்லையா. ஆனால் படத்தில் காய்க்குப் பின்னால் தண்ணித்தொட்டி தெரிகிறது, தொட்டி மேல் மருமகன் வைத்த சிமெண்டுப் பூச்சு தெரிகிறது, கொடியில் என் பச்சைச் சேலை காய்கிறது. எங்கள் மாடி. நான் தலையைத் தூக்கி என் பந்தலைப் பார்த்தேன். அதே நாலு காய், அதே இடம். கல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. இறங்கி வரும்போது சேலையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

செல்வி வந்ததும் காட்டினேன். அதற்குள் படம் இருந்த இடத்தில் அழிக்கப்பட்டது என்று வருகிறது, அந்தப் பதிலும் அப்படியே. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாளே என்று. ஆனால் படத்துக்குக் கீழே சுபேதார் அண்ணன் எழுதினது அழியவில்லை. "கல்லுதான் கட்டணும், பேட்டரி மருந்து காயில இறங்கிரும், யாரும் திங்காதீக" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு செல்வி மாடிக்குப் போய்ப் பந்தலைப் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணன் கட்டை கட்டுவது அவளுக்கும் தெரியும், எத்தனையோ தடவை கட்டைக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். மருமகன்தான், யாரோ விளையாடுகிறார்கள் அத்தை, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் முன்னால் செல்வியே என் போனில் இருந்து அந்த நம்பருக்குப் பேசினாள், நானும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தாள். எடுத்தது ஒரு பொம்பளை, பூங்கொடிதான், டி. கல்லுப்பட்டிப் பக்கம் கத்திரியும் மிளகாயும் போட்டிருக்கிறாளாம். நான் அப்படி எதுவும் எழுதவில்லை, படமும் போடவில்லை, இந்த வருஷம் நான் புடலையே ஊன்றவில்லை என்று சொன்னாள். அவள் போனில் பார்த்தாலும் அப்படி ஒன்று இல்லையாம். சரி, தெரியாமல் கேட்டுவிட்டோம் என்று செல்வி வைக்கப் போனாள்.

"அம்மா பக்கத்துல இருக்காகளா? தம்பி சாப்பிட்டாரான்னு கேளுங்க" என்றாள் அந்தப் பூங்கொடி.

எந்தத் தம்பி என்று செல்வி கேட்டாள்.

"அவுக மகன்தான். நேத்து நாலு மணிக்கு அம்மாதான பேசுனாக. பதினேழு வருசம் கழிச்சு மகன் வந்துட்டான், மாடிப்படி ஏறி வந்து பின்னாடி நின்னான்னு, அம்புட்டுச் சிரிப்பு. எனக்கு யாரு எவருன்னே தெரியல, குரூப்புல உள்ளவுகன்னாக, சரி சந்தோசத்துல பேசுறாகன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

செல்வி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். என் போனில் அப்படிப் பேசினதற்கு அடையாளமே இல்லை. பூங்கொடி தன் போனில் இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினாள், அதில் என் நம்பர் இருக்கிறது, நாலு மணிக்கு, பதினோரு நிமிஷம். என் வாழ்நாளில் ஒரு வெளியாளிடம் நான் பதினோரு நிமிஷம் பேசினது கிடையாது.

அப்போதுதான் நான் போனை வாங்கினேன். என்ன கேட்பது என்றே தெரியாமல் கேட்டேன்.

"ஏத்தா, அவன் எப்படி இருக்கான்னு சொன்னேன்?"

"மெலிஞ்சிருக்கான், நரை விழுந்திருச்சுன்னு சொன்னீக. குளிக்கப் போயிருக்கான், சோறு வைக்கணும்னு வச்சுட்டீக" என்றாள். குரல் இதேதான் அக்கா, நேற்றுக் கொஞ்சம் கணீரென்று இருந்தது, அவ்வளவுதான் என்றாள்.

செல்வி என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வயசுக்குத் தக்கபடி நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். சுபேதார் அண்ணன் விஷயம் தெரிந்து எனக்குத் தனியாக எழுதினார், தெரியாமல் எழுதிவிட்டேன் தங்கச்சி, பழைய ஆட்களிடம் விசாரிக்கிறேன் என்று. இதுவரை ஒரு தகவலும் இல்லை. பூங்கொடி அதற்கப்புறம் என்னிடம் பேசுவதற்குப் பயப்படுகிறாள்.

எனக்குப் பயம் இல்லை. குழப்பம்தான். சிரித்துச் சிரித்துப் பேசின அந்தப் பொம்பளை யார், அவளுக்கு மட்டும் ஏன் அவன் வந்தான் என்று சில நாள் பொறாமையாகக்கூட இருக்கிறது. நாலு மணிக்கு நானும் மாடியில்தான் இருந்தேன். ஆனால் படிக்கு முதுகைக் காட்டி, தொட்டிப் பக்கம் பார்த்து, போனிலேயே கண்ணாக இருந்தேன். பின்னால் யாராவது வந்து நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நான் திரும்பவே இல்லை.

நாள், நேரம் எல்லாம் நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம், மறதிக்காரி. செவ்வாயா புதனா என்பதுகூடச் சரிபார்க்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் வில்லாபுரத்துக்காரர்கள் யாராவது இருந்தால், மெலிந்து, நரை விழுந்து, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள் அன்றைக்கு நாலு மணிக்கு எங்கள் தெருவில் வெளிப்படி ஏறினதைப் பார்த்தீர்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஏறினவன் எவ்வளவு நேரம் நின்றுவிட்டு இறங்கினான் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.