அலசிய உப்பு

இன்று கடையில் அயோடின் உப்புப் பாக்கெட்டைப் பார்த்ததும், தொண்ணூறுகளில் விருத்தாசலத்தில் நான் பார்த்த சுகாதாரத் துறை வேலை நினைவுக்கு வந்தது. கடை உப்பிலும் வீட்டு உப்பிலும் சோதனை மருந்து விட்டுப் பார்ப்பேன். நீலமானால் அயோடின் இருக்கிறது.

ஒருநாள் கடை உப்பு நீலமானது. கடைக்கு எதிர்வீட்டில், அங்கே வாங்கிய உப்பு வெள்ளையாகவே இருந்தது.

"எனக்குக் காட்ட ஒரு மூட்டை, ஊருக்கு விக்க ஒரு மூட்டையா பாய்?" என்று கடைக்காரரிடம் கத்தினேன்.

எதிர்வீட்டு அம்மா ஓடி வந்தார். "அவர ஏங்க திட்றீங்க? ஒரே மண்ணா இருந்துச்சு. நான்தான் அலசி ஜாடியில போட்டேன்."

அயோடின் தண்ணீரோடு போயிருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "எங்க வூட்லயும் அலசித்தாங்க போடுவாங்க" என்று சிரித்தார் பாய்.

வீட்டுக்கு வந்து எங்கள் பீங்கான் ஜாடியில் கைவிட்டேன். உப்பு ஈரமாக இருந்தது.

அந்த ஜாடியில் மட்டும் நான் மருந்து விட்டுப் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்திருப்பீர்களா?