ஒப்பாரிக்கு விழுந்த கொட்டு

அன்னத்தாய் தன் ஆயுசில் மைக்கில் பாடியது ஒரே ஒரு பாட்டு. அது புருசன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வைத்த ஒப்பாரி.

சேரன்மகாதேவி வட்டாரத்தில் இழவு வீடு என்றால் பந்தலோடும் வாடகை நாற்காலியோடும் மைக்செட்டும் வந்துவிடும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடிக்க, நடுவில் மைக்கை நீட்டி வைப்பார்கள். அழுகை ஊர் எல்லைவரை கேட்டால்தான் செத்தவனுக்கு மரியாதை. அவள் புருசன் ஐயம்பெருமாளுக்கும் அந்த மரியாதையில் யாரும் குறை வைக்கவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் பிராந்திக் கடைக்காரன்கூட அவனை மதித்ததில்லை என்பது வேறு கதை.

‘மூணு மொழம் மல்லிகப்பூ
முந்தானையில் கொட்டுனீரே – என்னைய
முழிக்கவிட்டுப் போனீரே மகராசா...’

அவள் இழுத்துப் பாடியபோது வந்திருந்த சனமெல்லாம் கலங்கிவிட்டது. செத்தவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும் ஒப்பாரியில் அவன் மகராசன்தானே. ஐயம்பெருமாள் அரை முழம் பூகூட வாங்கிக் கொடுத்தவன் இல்லை. அவளாக வாங்கி வைத்துக்கொண்டாலும், ‘எவன் பாக்கதுக்குடி இந்தச் சோடிப்பு?’ என்று பிய்த்துப் போட்டவன். கடைசிக் காலத்தில் ஈரல் கெட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டான். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்துவிட்டு வந்து, அவனுக்குக் கஞ்சி புகட்டி, பீத்துணி அலசி, கூலியாக நாலு ஏச்சும் வாங்கிக்கொண்டு படுப்பாள். அவன் போன அன்றைக்கு அவளுக்கு எங்கேயாவது ஒரு மூலையில் சுருண்டு தூங்கினால் போதும் என்றிருந்தது. ஆனால் மைக்கை முன்னால் வைத்துவிட்டார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பாடினாள்.

மைக்செட்காரன் சிவசைலம் சும்மா இருந்தானா? அதை அப்படியே கேசட்டில் பிடித்துக்கொண்டு போய்விட்டான். சேரன்மகாதேவி பஜாரில் அவனுக்கு ஒரு கடை, கடைக்குப் பின்னால் ஓர் அறை, அறைக்குள் ஒரு கீபோர்டு. ஊர்ப்பாட்டைப் பிடித்து அதற்கு டிஸ்கோ அடி போட்டுக் கேசட்டாக விடுவது அந்தக் காலத்தில் பிடித்திருந்த ஒரு பைத்தியம். கும்மி, தாலாட்டு, நடவுப்பாட்டு எதுவும் தப்பவில்லை. படித்தவர்கள் ‘கண்றாவி’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். கல்யாண வீட்டில் அது ஓடினால் அவர்கள் வீட்டு ஆட்கள்தான் முதலில் ஆட இறங்குவார்கள். சிவசைலம் அன்னத்தாயின் ஒப்பாரிக்குக் கீழே கீபோர்டை ஓட்டி, டம்டம் என்று கொட்டைப் போட்டு, ‘மகராசா’வை மட்டும் திருப்பித் திருப்பி வரும்படி ஒட்டிவிட்டான். பாடியவள் பேர் எங்கேயும் கிடையாது. அட்டையில் யாரோ ஒருத்தி இடுப்பில் குடத்தோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

வேலைக்குப் போகிற பிரைவேட் பஸ்ஸில்தான் அன்னத்தாய் அதை முதலில் கேட்டாள். யாரோ தெரிந்த குரலாக இருக்கிறதே என்று நினைத்தாள். தன் குரல்தான் என்று தெரிந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இறங்குகிற இடம் எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முழுக்க வெட்கம். மறுநாள் கோபம். அதற்கு அடுத்த நாள், பஸ் பத்தமடை தாண்டுகையில், தன் கால் பெருவிரல் பஸ் தரையில் பைய தாளம் போடுவதைத் தானே பார்த்தாள்.

குற்றம்தான். புருசனுக்கு வைத்த ஒப்பாரிக்குப் பெண்டாட்டியே தாளம் போடுகிற அநியாயம் எந்த ஊரில் நடக்கும்? தலைத்திவசம்கூட இன்னும் வரவில்லை. வீட்டில் ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கொட்டு விழும்போது தோள்பட்டை வலி, அண்டாப் புகை, பல வருசத்து அசதி எல்லாம் ஒரு நிமிசம் இறங்கி நின்றன. அவளுக்கென்று ஒரு நாளில் இருந்தது அந்தப் பாட்டு நேரம் மட்டும்தான். கவர்மெண்ட் பஸ் வந்தால் ஏறாமல் விட்டுவிட்டு அந்தப் பஸ்ஸுக்காக நின்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு ‘மகராசா மகராசா’ என்று சோற்று வரிசையில் நின்றபோது, அவளும் அதற்குத் தோதாகக் கரண்டியை ஓட்டினாள். வெளியே தெரிந்தால் ‘புருசன் செத்தது இவளுக்குக் குளிர்ந்துபோச்சு’ என்பார்கள். அந்தப் பயமும் கூடவே இருந்தது.

கொழுந்தன் கொம்பையா ஒரு டீக்கடையில் அதைக் கேட்டுவிட்டான். மதினி குரல் அவனுக்குத் தெரியாதா? அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றான்.

“எந்திரிங்க மதினி. அந்தச் சிவசைலத்த ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வருவோம். எங்கண்ணன் எழவுக்கு ஊரே ஆட்டம் போடுது. எல்லாக் கேசட்டையும் வாங்கி ஒடச்சுப் போட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.”

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். பாட்டு இன்றோடு போய்விடும் என்று நினைக்கையில், பிடித்த பிடியில் இருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி வலித்தது.

பின்னறையில் கீபோர்டு முன்னால் இருந்த சிவசைலம் அவளைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

“என்னவே, ஒமக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? அழுகையக் கொண்டுபோயி ஆட்டமாக்கி வச்சிருக்கேரு” என்று கொம்பையா பாய்ந்தான்.

“தப்புத்தான் அண்ணாச்சி. குரல் அவ்வளவு நல்லா இருந்துச்சா, மனசு கேக்கல. அக்கா வேண்டாம்னா இன்னைக்கே நிறுத்திருதேன். பஸ்காரங்க கிட்டயும் திருப்பி வாங்கிருதேன்.”

“ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க மதினி” என்றான் கொம்பையா. “முடிச்சிட்டுப் போவோம்.”

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். ‘நிறுத்து’ என்றால் போதும். ஊரும் மெச்சும், கொழுந்தனும் மெச்சுவான். இத்தனை காலமும் மற்றவர்கள் எதிர்பார்த்ததைத்தான் அவள் சொல்லிவந்திருக்கிறாள். அன்றைக்கு அதைச் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

“வேண்டாம். அது ஓடட்டும்.”

“என்ன மதினி பேசுதீய? எங்கண்ணனுக்கு நீங்க அழுத அழுகையில்லா அது!”

“நான் எங்க அழுதேன்?” என்றாள் அன்னத்தாய். சண்டைக்குச் சொல்கிற குரல் இல்லை. வேலை முடிந்து பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிறவளின் குரல். “அன்னைக்கு எனக்கு அழுகையே வரல, கொம்பையா. அப்பாடான்னு இருந்துச்சு. வாய் என்னத்தையோ பாடுச்சு. உள்ளுக்குள்ள இந்தக் கொட்டுதான் கேட்டுட்டுக் கெடந்துச்சு. இந்தத் தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுதோ, உள்ளதப் போட்டுட்டாரு.”

சிவசைலம் கீபோர்டு பக்கமாகத் திரும்பிக்கொண்டான். கொம்பையா வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை என்று தெரிந்தும் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அண்ணனைச் சாக்கடையில் இருந்து எத்தனையோ தடவை தூக்கிவந்து அவள் வாசலில் போட்டுவிட்டுப் போனவன் அவன்தான். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும். ஒரு நாளும் நின்று கேட்டதில்லை.

“இத வெளிய சொல்லிராதீங்க மதினி” என்றான். பாய்ந்த ஆளின் குரல் இப்போது கெஞ்சியது.

“இத்தன வருசம் சொன்னேனா?” என்று கேட்டாள் அன்னத்தாய்.