பட்டியலில் இல்லாத ஷகிலா

1. அறுபது பேருக்கு லைசென்ஸ்

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஊத்தங்கரையில் லாரி கிளீனர், பிறகு கேபிள் டிவிக்கு ஒயர் இழுப்பவன், பிறகு கம்ப்யூட்டர் கடையில் எடுபிடி. கடைசியில் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சர்வர் பார்க்கும் வேலை கான்ட்ராக்டில் கிடைத்தது.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மெயில் சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தோம். லைசென்ஸ் அறுபது பேருக்கு. எச்.ஆர். கொடுத்த பட்டியலில் ஐம்பத்தொன்பது பெயர். ஒவ்வொருவருக்கும் யூசர் ஐடி, பாஸ்வேர்டு, அவரவர் மொபைலுக்கு ஓடிபி. மிச்சமிருந்த ஒன்றை 'டெஸ்ட்' என்று எனக்கு வைத்துக்கொண்டேன். பாஸ்வேர்டை யாருக்கும் தரமாட்டேன் என்று எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வேலை சுத்தமாக முடிந்தது என்று நினைத்தேன்.

2. திங்கட்கிழமை, இரண்டரை மணி

குவாலிட்டி பிரிவிலிருந்து ஷகிலா வந்தார். பாகலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். என்னைப் போலவே கான்ட்ராக்ட்.

"அண்ணா, மேனேஜர் சார் மெயிலு தொறக்க மாட்டேங்குது. ஓடிபி கேக்குது."

"அது அவரு போனுக்குத்தான் போகும். அவரு மெயிலை நீ எதுக்கும்மா தொறக்கற?"

"மூணு வருசமா நான்தானே தொறக்கறேன்? கஸ்டமருக்கு எழுதறது பூரா நான்தான். கீழ பேரு மட்டும் அவருது."

ஒரு லோடில் குறை இருப்பதாகச் சென்னை வாடிக்கையாளர் சனிக்கிழமையே எழுதியிருந்தார். திங்கள் நான்கு மணிக்குள் சோதனை ரிப்போர்ட் வராவிட்டால் லாரியைத் திருப்பிவிடுவார். கம்பெனி மெயில் முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்பார். ரிப்போர்ட் தயார். மேனேஜரோ டெல்லி விமானத்தில்; நானும் போட்டுப் பார்த்தேன், போன் அணைந்திருந்தது.

"வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லேன்."

"அவங்க குறுக்குக் கேள்வி கேட்டா யாருண்ணா பதில் சொல்றது? லோடு திரும்பிச்சுன்னா நாளைக்கு என்னையத்தான் நிறுத்துவாங்க."

எச்.ஆருக்குப் போன் செய்தேன். "கான்ட்ராக்ட் ஆளுக்கெல்லாம் மெயில் ஐடியா? நாளைக்குக் கேன்டீன் மாஸ்டரும் வந்து கேப்பாரு. சும்மா இருப்பா."

மேனேஜர் கணக்கின் ஓடிபியை நானே நீக்கியிருக்கலாம். ஆனால் அது அவரைக் கேட்காமல் அவர் பெட்டியைத் திறப்பது. என் டெஸ்ட் கணக்கை அழித்து, ஷகிலா பெயரில் ஒன்று போட்டேன். மூன்றே முக்காலுக்கு ரிப்போர்ட் போனது.

உடனே வாடிக்கையாளரிடமிருந்து போன். ஷகிலா ஸ்பீக்கரில் போட்டார். "யாரும்மா நீங்க, புதுசா?"

"பழசுதாங்க சார். இத்தனை நாளா உங்களுக்கு எழுதினது நான்தான்."

அவர், "சரி, மூணாவது பக்கத்துல அந்த அளவு எப்படி வந்துச்சு?" என்றார். ஷகிலா பேப்பரைப் பார்க்காமலே சொன்னார். லாரி திரும்பவில்லை.

3. அதற்குப் பிறகு

மறுநாள் மேனேஜர் வந்து நின்றார். "யாரைக் கேட்டுப்பா பண்ணே? கஸ்டமர்கிட்ட என் மானமே போச்சு."

"உங்களைக் கேக்கத்தான் சார் போன் போட்டேன்."

மாதக் கடைசியில் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு இது பழக்கம்தான். குருபரப்பள்ளிப் பக்கம் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும் முன் ஷகிலாவின் கணக்கையும் அழிக்கச் சொன்னார்கள். அதற்குள் வாடிக்கையாளர் அவர் பெயருக்கே எழுதத் தொடங்கியிருந்தார். அழித்தால் அந்த மெயிலெல்லாம் யார் பார்ப்பது என்று கேட்டேன். கணக்கு அப்படியே இருந்தது.

இப்போதெல்லாம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், பட்டியலை வாங்கும் முன் உள்ளே ஒரு சுற்று நடக்கிறேன். எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து டைப் அடிக்கிறார்கள் என்று எழுதிக்கொள்கிறேன். என் பட்டியலும் எச்.ஆர். பட்டியலும் இதுவரை எங்கேயும் ஒத்துப்போனதில்லை.