நெற்றி மட்டத்துக்கு ஒரு கம்பு

சிலம்ப வாத்தியார் வேலையில் கம்பு சுற்றுவது சுலபம், பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அடுத்தவர் பிள்ளைக்கு எதையாவது கற்றுக்கொடுத்து அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் களம் போட்டிருந்தேன். அங்கே வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

களம் தேடிய அப்பன்

முத்தையன் புகைவீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிறவன். ஆறு வயது மகன் வேலுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை, எனக்கே பரீட்சை வைத்தான். பிள்ளைகளை முட்டி போட வைப்பேனா, தப்பாகச் சுற்றினால் கணுக்காலில் போடுவேனா என்று ஆயிரம் கேள்வி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஈப்போவுல பெரிய வாத்தியார் இருக்காரே, அங்க போய்ப் பாரேன்" என்றேன்.

"பார்த்துட்டுத்தான் வாரேன் வாத்தியாரே. அந்த ஆளு பிரம்பால வெளுக்குறாரு. என் புள்ள மேல கை வைக்கிறவன்கிட்ட நான் விட மாட்டேன்லா!"

அளவு

இப்படி ஓர் அப்பன் கிடைக்க வேலு கொடுத்து வைத்தவன் என்றுதான் நினைத்தேன். எங்கள் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பிள்ளையை நீளப் பிரம்போடு சேர்த்து நிறுத்தி, நெற்றி மட்டத்தில் கத்தியால் கீறி, அந்த அளவுக்குத்தான் கம்பு வெட்டுவோம்.

கீறப் போனால், வேலு பிரம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறான். இது பத்தாதாம். அட, உன்னைவிட உயரமான கம்பை எப்படிடா சுற்றுவாய் என்று சிரித்தேன். முத்தையனும் சேர்ந்து சிரித்தான். பையன் சிரிக்கவில்லை.

"எங்கம்மா நெத்திக்கு வெட்டுங்க."

பால்மரம் வெட்டுகிறவள்

சம்பளம் போட்ட மறுநாள் பிள்ளையை அழைத்துப்போக, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அம்மாக்காரி செல்லம்மா வந்தாள். முத்தையன் கள்ளுக்கடையிலேயே விழுந்து கிடக்கிறானாம். முந்தானையை நெற்றி மறைய இழுத்து விட்டிருந்தாள். காற்றில் அது விலகியது. புருவம் கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

அன்றுதான் தலைக்கு வருகிற அடியைத் தடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். வேலு ஓடிப் போய் அவள் முன்னால் நின்று, தன் நெற்றி அளவுக்கு வெட்டிய கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அது அவள் நெற்றிக்கு எட்டவே இல்லை. "யாரு தங்கச்சி இப்படி அடிச்சது?" என்றேன்.

"அவரு புள்ளையை ஒரு நாளும் அடிச்சதில்லண்ணே."

நீளக் கம்பு

மறுநாள் புகைவீட்டுக்கே போய் முத்தையனைப் பிடித்து, வாய்க்கு வந்தபடி ஏசினேன். தலைகுனிந்து நின்றான். ஆனால் பிள்ளையைக் களத்திலிருந்து நிறுத்திவிட்டான். வேறு களம் பார்க்கப் போகிறானாம், பாவி!

களத்தை விட்டுப் போகிற பிள்ளை கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செல்லம்மா கொண்டுவந்து நீட்டினாள். வேலு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் தாங்கவில்லை. வழக்கமாவது மண்ணாவது! நல்ல பிரம்பாக ஒன்றை எடுத்து, "இப்படி நில்லு தங்கச்சி, உன் நெத்திக்கே வெட்டித் தாரேன், புள்ள வச்சுக்கட்டும்" என்றேன். அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"வேணாம்ணே. அவரு அதைப் பிடுங்கிட்டா, அடி எனக்குத்தான்."

தடுக்க மட்டுமே உதவுகிற கம்பை வெட்ட எனக்கு இன்றுவரை தெரியவில்லை, ஆனாலும் ஊரில் என் பெயர் வாத்தியார்.